214 கேசட்டும் 32 பைட்டும்

கடலூரில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய ஒரு குடியிருப்பில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். எண்பதுகளின் கடைசியில் தொடங்கி பதினைந்து வருஷம், சனி ஞாயிறுகளில் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். விடிய விடிய நடந்த தெருக்கூத்து, தேவனாம்பட்டினம் பக்கம் வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டு, நடவுப் பாட்டு, எல்லாவற்றையும்விட அதிகமாக ஒப்பாரி. ஆம்பளைகள் மைக்கை நீட்டினால் வாயைத் திறக்காத பெண்கள் டீச்சரிடம் பாடினார்கள். மொத்தம் 214 கேசட், ஒவ்வொன்றும் 90 நிமிடம்.

2011 தானே புயலில் அந்த வீட்டுத் தகரக் கூரை பறந்தபோதுகூட கேசட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. புயலைத் தாங்கிவிட்டோம் என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து சேர்ந்தது. அலமாரியின் கீழ்த்தட்டு முழுகியது. நனைந்த கேசட்டுகளைப் பிரித்து, நாடாவை நிழலில் காயவைத்து, வேறு ஓட்டுக்குள் மாட்டி, அவற்றைக் காப்பாற்றியது டீச்சரின் அண்ணன் மகன். பெங்களூரில் மென்பொருள் வேலை. வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லிவிட்டு வந்தவர், அத்தை வீட்டுத் திண்ணை அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கணினிக்கு ஏற்றினார். கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. 214 கேசட் என்றால் 321 மணி நேரம், அவ்வளவு நேரமும் ஓடித்தான் ஆக வேண்டும். 2025 மே மாதம் வேலை முடிந்தது. சுமார் 200 ஜிபி.

நான் புதுச்சேரி லாசுப்பேட்டையில் சிறு நிறுவனங்களுக்குத் தரவுக் காப்பு வேலை செய்து கொடுப்பவன். இந்தக் கதைக்குள் நான் வந்தது செப்டம்பரில். அந்தப் பெங்களூர்த் தம்பி போன் செய்து, "அண்ணே, பிளாக்செயின்ல போட்ட பாட்டு காணாமப் போச்சு" என்றார்.

பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் ஆளுக்கொரு படி வைத்திருக்கும், எழுதியதை அழிக்க முடியாத பொதுப் பேரேடு; சுருக்கமாகச் சங்கிலி. அதில் போட்டது எப்படிக் காணாமல் போகும்? அதைத் தோண்டப் போனதுதான் இந்த ஆய்வு. டீச்சரிடமும் தம்பியிடமும் கேட்டு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சங்கிலியில் இருந்தது என்ன

தம்பி சோதனைக்காக ஐந்து நிமிட ஒப்பாரி ஒன்றை எடுத்து எம்பி3 ஆக்கி, கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரும் ஐபிஎஃப்எஸ் என்ற வலையமைப்பில் ஏற்றியிருந்தார். அப்புறம் பாலிகான் என்ற சங்கிலியில் தானே ஒரு ஒப்பந்தம் (சங்கிலியில் ஓடும் சிறு நிரல்) எழுதி, அந்தக் கோப்பின் பெயரில் ஒரு டோக்கன், அதாவது ஒரு டிஜிட்டல் உரிமைச் சீட்டு, வெளியிட்டிருந்தார். அதற்கு ஆன செலவு ஒரு டீக்காசுகூட இல்லை. பாட்டின் தலைப்பு, பாடியவர் பெயர், ஊர், பதிவு செய்த வருஷம், கோப்பின் ஐபிஎஃப்எஸ் முகவரி, இந்த ஐந்தும் சங்கிலியிலேயே எழுத்தாக இருந்தன. "எல்லாமே சங்கிலியில இருக்கணும், வெளியில எதையும் நம்பக்கூடாது" என்பது அவர் கொள்கை. இந்தப் பெருமை பின்னால் எப்படித் திரும்பியது என்பதற்கு வருகிறேன்.

எல்லாமே என்று அவர் சொன்னாலும், பாட்டு சங்கிலியில் இல்லை. ஐபிஎஃப்எஸ் என்பது பிளாக்செயின் கிடையாது. பலர் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஐபிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் முகவரி அது எந்தக் கணினியில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷ்தான், அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு எண்தான், முகவரி. அதைச் சிஐடி என்கிறார்கள். உலகில் யாரிடமாவது அந்தக் கோப்பு இருந்து, அவர்கள் கணினி இணைப்பில் இருந்தால் கிடைக்கும். யாரிடமும் இல்லையென்றால் முகவரி மட்டும் மிஞ்சும். வைத்துக்கொள்வதாக ஒருவர் உறுதி சொல்வதை 'பின்' செய்வது என்பார்கள். பின் செய்யாத கோப்பை நோடுகள், அதாவது வலையமைப்பில் உள்ள கணினிகள், இடம் வேண்டும்போது குப்பையாகக் கூட்டித் தள்ளிவிடும். தம்பி பயன்படுத்தியது ஒரு இலவச பின் சேவை. அந்த இலவசத் திட்டம் நின்றுபோனது. மின்னஞ்சல் வந்திருக்கிறது, விளம்பர மடலோடு மடலாக அவர் பார்க்கவில்லை.

ஆக, சங்கிலி தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது, மாட்டிய படம்தான் இல்லை.

சரி, கோப்பு டீச்சரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதே, திரும்ப ஏற்றினால் அதே சிஐடி வர வேண்டுமே என்று ஏற்றினோம். வரவில்லை. முதலில் அமைப்புகள் வேறாக இருக்குமோ என்று பார்த்தேன். கோப்பை எந்த அளவில் துண்டு போடுகிறோம், சிஐடியின் எந்தப் பதிப்பு என்பதைப் பொறுத்து முகவரி மாறும். எல்லாவற்றையும் பழையபடியே வைத்தும் பொருந்தவில்லை. அரை நாள் மண்டையைக் குடைந்த பிறகு டீச்சர்தான் சாவதானமாகச் சொன்னார்: "தம்பி, அதுல ஊர் பேர்ல ஒரு எழுத்துப் பிழை இருந்துது. நான்தான் போன மாசம் திருத்தினேன்." எம்பி3 கோப்புக்குள்ளேயே தலைப்பு, பெயர் எழுத ஒரு பகுதி உண்டு. பிளேயரில் அதைத் திருத்தினால் கோப்பு மாறிவிடும். காதுக்கு அதே பாட்டு, ஹேஷுக்கு வேறு கோப்பு. ல-வை ள-வாக மாற்றியதில் முகவரியே தலைகீழாகிவிட்டது. தமிழாசிரியையிடம் பிழையைத் திருத்தாதீர்கள் என்று எப்படிச் சொல்வது?

திருத்தாத படி ஒரு பழைய பென்டிரைவில் கிடைத்தது. அதை ஏற்றியதும் சிஐடி எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. டோக்கன் காட்டிய இடத்தில் மறுபடி பாட்டு ஒலித்தது. தம்பி முகத்தில் சிரிப்பு. எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

பாட்டையே சங்கிலியில் வைத்தால் என்ன

"அப்ப ஐபிஎஃப்எஸ்ஸே வேணாம்ணே, பாட்டையே நேரா சங்கிலியில ஏத்திடலாம்" என்றார். நாம் நினைப்பதைவிட இது பழைய ஆசை. 2009 ஜனவரி 3 தேதியிட்ட பிட்காயினின் முதல் பிளாக்கிலேயே (பிளாக் என்பது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு) அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்புச் செய்தி ஒன்று பொதிந்திருக்கிறது. அதன் பிறகு ஆட்கள் போலி முகவரிகளுக்குள் படம், எழுத்து என்று ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். அந்த முகவரிகளில் உள்ள காசை யாரும் எடுக்க முடியாது. ஆனால் எடுக்கப்படலாம் என்று நினைத்து உலகிலுள்ள ஒவ்வொரு நோடும் அதை நினைவில் சுமக்க வேண்டியிருந்தது. இதற்கு வடிகாலாகத்தான் 2014-இல் ஓபி-ரிட்டர்ன் என்ற சிறு பெட்டியை முறைப்படி அனுமதித்தார்கள். அப்போது 40 பைட், பிறகு 80 பைட். 2023 ஜனவரியில் ஆர்டினல்ஸ் வந்து, பரிவர்த்தனையின் வேறொரு பகுதி வழியாகப் படங்களை ஏற்றும் வழியைத் திறந்தது. அடுத்த மாதமே ஒரே படம் கிட்டத்தட்ட 4 எம்பி பிளாக் முழுவதையும் அடைத்தது. 2025 அக்டோபரில், பெரும்பாலான நோடுகள் ஓட்டும் மென்பொருளான பிட்காயின் கோரின் 30-ஆம் பதிப்பு ஓபி-ரிட்டர்ன் வரம்பை ஏறக்குறைய ஒரு லட்சம் பைட்டுக்குத் தளர்த்தியபோது நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. பணத்துக்கான பேரேட்டைக் கிடங்காக்கலாமா என்பதுதான் சண்டையின் சாரம்.

சண்டை இருக்கட்டும், நம் கணக்கைப் போடுவோம். ஒரு பிட்காயின் பிளாக் அதிகபட்சம் 4 எம்பி. 200 ஜிபிக்கு 50,000 பிளாக் வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று, நாளைக்கு 144. உலகம் முழுக்க ஒருவரும் ஒரு பைசா அனுப்பாமல் ஒதுங்கி நின்று டீச்சரின் கேசட்டுகளுக்கு வழி விட்டாலும் 347 நாள். கட்டணம்? ஆர்டினல்ஸ் வழியில் நாலு பைட்டுக்கு ஒரு சடோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு) என்ற மலிவான விகிதத்தில் வைத்தாலும் 500 பிட்காயின். அதை ரூபாயாக்கி டீச்சரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தம்பியையே சொல்ல விட்டேன்.

எதீரியம் என்ற இன்னொரு சங்கிலி இன்னும் வேடிக்கை. ஒப்பந்தத்தின் சேமிப்பில் புதிதாக 32 பைட் எழுத 20,000 கேஸ் (அந்தச் சங்கிலியில் வேலையை அளந்து கட்டணம் போடும் அலகு). ஒரு எம்பிக்கு 65 கோடி கேஸுக்கு மேல். ஒரு பிளாக்கின் மொத்த வரம்பே சில கோடிதான். டீச்சரின் தரத்தில் ஒரு எம்பி என்பது ஆறு விநாடி ஒலி. "ஏ ராசா" என்று இழுத்து மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு? எழுதியதை ஒவ்வொரு முழு நோடும் சுமப்பதுதான் சங்கிலியின் பலமே. பிட்காயினின் முழுச் சங்கிலி இப்போதே 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஒரு கோப்பை அதில் வைப்பது என்றால் முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் வைப்பது. சங்கிலிகளே இதை விரும்பவில்லை என்பதற்கு நல்ல சாட்சி எதீரியம்: 2024 மார்ச் 13-இல் 'பிளாப்' என்ற மலிவான இடத்தைக் கொண்டுவந்தார்கள், ஒன்று 128 கேபி. சுமார் 18 நாள் வைத்திருந்து நோடுகள் தூக்கிப் போட்டுவிடும்.

சேமிப்புக்கென்றே பிறந்த சங்கிலிகளைப் பார்த்தோம். 2020 அக்டோபரில் ஓட ஆரம்பித்த ஃபைல்காயினில் கோப்பு சங்கிலிக்கு வெளியே, வாடகைக்கு இடம் தருபவர்களின் இயந்திரங்களில் இருக்கிறது. கோப்பு தன்னிடம் இருப்பதை அவர்கள் நாள்தோறும் கணிதச் சான்றால் காட்ட வேண்டும், தவறினால் கட்டிய பிணைத்தொகையில் கழியும். இந்த ஏற்பாடு எனக்கு உண்மையிலேயே பிடித்தது. கோப்பு பத்திரம் என்று வாயால் சொல்வதற்கும் தினமும் காட்டுவதற்கும் வித்தியாசம் உண்டே. ஆனால் ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு. முடியும்போது யாராவது புதுப்பிக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய டீச்சருக்குப் பிறகு யார் என்ற கேள்வி அப்படியே நின்றது. இன்னொன்று வரி. ஃபைல்காயின் வாங்கி வாடகை கட்டினால் அதுவும் கிரிப்டோ பரிமாற்றம்தான். நம் நாட்டில் 2022 ஏப்ரல் முதல் அதன் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ். தொகை சில நூறு ரூபாயாக இருந்தாலும் கணக்குக் காட்ட வேண்டும். "பென்ஷன்காரி நான், பாட்டு வைக்கறதுக்கு ஆடிட்டர் வைக்கணுமா?" என்றார் டீச்சர். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆர்வீவ் 2018-இல் வந்தது. ஒரு முறை பணம் கட்டினால் போதும், அதில் பெரும்பகுதி நிதியாக ஒதுக்கப்பட்டு, சேமிப்பின் விலை வருஷா வருஷம் குறைந்துகொண்டே போகும் என்ற நம்பிக்கையில் கோப்பு நிரந்தரமாக வைக்கப்படும். அந்த நம்பிக்கை எத்தனை தலைமுறைக்குத் தாங்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் கேட்டது வேறு: "ஏத்தினா எடுக்க முடியாதா?" முடியாது என்றேன். "அப்ப யோசிக்கணும்" என்றார்.

தேதி என்ற வம்பு

டீச்சருக்குப் பிளாக்செயின் மேல் ஆசை வரக் காரணமே வேறு. அவர் பதிந்த ஒரு தெருக்கூத்தை ஒரு இணைய சேனல் தன் பதிவு என்று போட்டிருந்தது. எந்தக் காலத்திலோ கடன் வாங்கிப்போன கேசட்டின் படி. முதலில் பதிந்தது நான்தான் என்று சங்கிலியில் தேதியோடு எழுதிவிட்டால் வழக்கே முடிந்தது என்று தம்பி சொல்லியிருந்தார்.

இதில் ஒரு பொத்தல் உண்டு. இன்று ஒரு ஹேஷைச் சங்கிலியில் பதித்தால், இந்தக் கோப்பு இன்றைக்கு முன்னால் இருந்தது என்பது மட்டும்தான் நிரூபணம். 1989-இல் இருந்தது என்றோ, யார் பதிந்தார் என்றோ அது சொல்லாது. சேனல்காரர் போட்டது அதற்கு முந்தைய தேதி. இந்தக் கணக்கில் அவர்தான் மூத்தவர்! டீச்சருக்கு உதவக்கூடியது கேசட் அட்டையில் அவர் கையெழுத்தும், அன்று யார் யார் வேஷம் கட்டினார்கள், யார் வீட்டில் சாப்பாடு என்றுகூட எழுதிவைத்த நோட்டுப் புத்தகமும்தான். நோட்டுகள் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை.

ஆனாலும் இனி வரப்போகும் சண்டைகளுக்கு ஹேஷ் பயன்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், மின்னணு ஆவணத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் ஹேஷ் மதிப்பையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் கேட்கிறது. பிளாக்செயினை அது கேட்கவில்லை.

கடைசியில் செய்தது

முதல் வேலை, மூலக் கோப்புகளைப் பூட்டியது. ஃபிளாக் வடிவத்துக்கு மாற்றினோம். ஒலியில் ஒரு துளி குறையாமல் அளவு பாதிக்குப் பக்கமாகச் சுருங்கியது. கோப்புப் பெயர் வெறும் எண், 001 முதல் 214 வரை. பாடியவர், ஊர், சூழல் எல்லாம் தனி அட்டவணையில். டீச்சர் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், பாட்டுக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் எடுத்து ஒரே பட்டியல். ஒரு வரிக்கு ஒரு எண்ணும் 64 எழுத்தும். அந்தப் பட்டியலுக்கு ஒரு ஹேஷ், 32 பைட். அதை மட்டும் ஓபன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற தேதி முத்திரை முறை வழியாகப் பிட்காயினில் பதித்தோம். பிட்காயின் மென்பொருளாளர் பீட்டர் டாட் 2016-இல் அறிமுகப்படுத்தியது அது. பலரிடமிருந்து வரும் ஹேஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மறுபடி ஹேஷ் எடுத்து மேலே போகும் மெர்க்கிள் மரமாகக் கட்டி, அதன் உச்சியில் இருக்கும் ஒற்றை ஹேஷை ஒரே பரிவர்த்தனையில் எழுதிவிடுகிறார்கள். அதனால் நமக்குச் செலவு பூஜ்யம். வாலட் வேண்டாம், காயின் வேண்டாம், ஆடிட்டரும் வேண்டாம். சில மணி நேரம் காத்திருந்து உறுதியானதும் ஒரு சிறு சான்றுக் கோப்பு கிடைக்கும். அதைத் தொலைத்தால் எல்லாம் வீண், ஆகவே அதுவும் பாட்டுகளோடு சேர்ந்தே இருக்கிறது.

பாட்டுகள் இருப்பது சாதாரண ஹார்ட் டிஸ்க்குகளில். ஒன்று டீச்சர் வீட்டு மாடியில், ஒன்று பெங்களூரில், ஒன்று புதுச்சேரியில் அவருடைய பழைய மாணவி வீட்டில். கடலூரையும் புதுச்சேரியையும் ஒரே புயல் அடிக்கும் என்பதை ஃபெஞ்சலுக்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பெங்களூர்ப் படி அதற்காகத்தான். பட்டியலைத் தாளிலும் அச்சடித்து நோட்டுகளோடு வைத்தோம். பொங்கலுக்குத் தம்பி ஊருக்கு வரும்போது மூன்றிலும் ஹேஷைத் திரும்பக் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு.

படி எடுத்து வேறு ஊரில் வைப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு வீட்டிலேயே கிடந்து, 1846-இல்தான் வெளியில் தெரிந்தது. உடனே படி எடுத்தார்கள். ஒரு படி பாரீஸ் தேசிய நூலகம்வரை போனது.

அக்டோபரில் ஒரு போன்

இதெல்லாம் முடிந்த சமயத்தில் டீச்சருக்கு ஒரு போன். டோக்கனில் இருந்த அந்த ஐந்து நிமிட ஒப்பாரியைப் பாடிய அம்மாவின் மகள். அம்மா காலமாகி ரொம்ப நாளாயிற்று. யாரோ இணைப்பை அனுப்ப, கேட்டிருக்கிறார். "டீச்சர், அதுல அம்மா எங்க பெரியப்பாவைப் பேர் சொல்லி சாபம் விடுது, நெலத் தகராறுல. அவரு பேத்திதான் இப்ப எங்க வூட்டு மருமவ. அந்தப் புள்ள கேட்டா என்ன ஆவறது? எடுத்துடுங்க."

ஒப்பாரியில் அதுதானே வரும். செத்தவரைப் பாடுகிற சாக்கில் இருப்பவர்களைக் கேட்கும் கேள்விகள். பாடிய அன்று அந்த அம்மா டீச்சருக்குப் பாடினார், உலகத்துக்கு இல்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத் திரும்பப் பெறுவது பற்றிப் பேசுகிறது, ஆய்வுக்கும் ஆவணக் காப்புக்கும் விலக்கும் தருகிறது. டீச்சர் சட்டம் எதையும் கேட்கவில்லை. "எடுத்துடு" என்றார், அவ்வளவுதான்.

எடுத்தோம். நான் ஒரு மாதம் முன்னால் பெருமையாக மீட்டுக்கொடுத்த ஐபிஎஃப்எஸ் கோப்பின் பின்னை நீக்கினேன். நடுவில் யாராவது படி எடுத்திருந்தால் அது நம் கையில் இல்லை. மூன்று டிஸ்க்குகளிலிருந்தும் 117-ஆம் எண் கேசட்டில் அந்தப் பகுதியை நீக்கினோம். நீக்கியதால் ஹேஷ் பொருந்தாது. பட்டியலில் பழைய வரியை அப்படியே விட்டு, புதுப் பட்டியல் ஒன்று போட்டு அதையும் பதித்தோம். பழைய 64 எழுத்திலிருந்து யாரும் பாட்டைத் திரும்ப எடுக்க முடியாது. மூலக் கேசட்டை டீச்சர் அந்த மகளிடமே கொடுத்துவிட்டார். இரண்டாம் பக்கத்தில் பாதி நடவுப் பாட்டு இருந்தது, அதற்கும் படி எடுத்துக்கொண்டுதான்.

பாலிகானில் டோக்கனின் தடம் மட்டும் நிற்கிறது. தம்பி டோக்கனைத் தன் வாலட்டிலிருந்து எரித்து, அதாவது செல்லாததாக்கிப் பார்த்தார். டோக்கன் போனாலும் அதை உருவாக்கிய பரிவர்த்தனை போகவில்லை. தலைப்பு, அந்த அம்மாவின் பெயர், ஊர், வருஷம் எல்லாம் படிக்கக் கிடைக்கின்றன. ஊர்ப் பெயரில் ள போட வேண்டிய இடத்தில் ல, டீச்சர் திருத்துவதற்கு முன்னால் இருந்தபடியே.